இரண்டாவது காது

மடி விரிய வேண்டுமென்றால் தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். நாற்காலியில் உட்காருகிறவனுக்கு மடி கிடையாது. தொடை இரண்டும் முன்பக்கம் சரிந்து ஒரு சறுக்கல்தான் கிடைக்கும். மேடவாக்கத்தில் அந்தத் தோல் டாக்டருடைய கிளினிக்கில், பெயரைக் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கும்போதுதான் ஞானவேலுக்கு இது உறைத்தது. தொடைமேல் வைத்திருந்த தாம்பாளம் முழங்காலை நோக்கி நழுவிக்கொண்டே இருந்தது, அவன் அதை இழுத்து இழுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டிருந்தான். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், மடிப்புக் கலையாத பட்டுப்பாவாடை, ரோஸ் தாள் சுற்றிய சின்ன டப்பியில் தோடு, எவர்சில்வர் டப்பாவில் காப்பரிசி. அரிசியை வறுத்து வெல்லப்பாகில் புரட்டித் தேங்காய்ப்பல்லும் பொட்டுக்கடலையும் போட்டுத் தேவகி நேற்றுப் பண்ருட்டியில் கட்டிக்கொடுத்தது. காது குத்துகிற நேரத்தில் பிள்ளையின் வாயில் ஒரு பிடி போட்டால் மெல்லுகிற கவனத்தில் வலி பாதியாகும் என்பது கணக்கு. உள்ளே நுழையும்போதே முன்மேசைப் பெண், "சார், ஃபுட் எல்லாம் உள்ள அலவுட் இல்ல," என்றாள். "இது ஃபுட் இல்லம்மா, காப்பரிசி," என்று இவன் சொல்ல, அவள் தாம்பாளத்தையும் இவனுடைய கரைவேட்டியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேட்டி கட்டி வந்தது மடிக்காகத்தான். பேன்ட் போட்டவன் மடியில் பிள்ளைக்கு என்ன பிடிமானம் இருக்கும்? ஆனால் இங்கே தரை என்று ஒன்று இருந்ததே தவிர அதில் உட்காருகிற மாதிரி இல்லை, முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. முகப்பருவோடு இரண்டு கல்லூரிப் பெண்கள், கழுத்தைச் சொறிந்துகொண்டு ஒரு ஆள், குழந்தையோடு ஒரு அம்மா. எல்லோரும் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். வந்த உடனே இவன் ஊர்ப் பழக்கத்தில் சொறிகிற ஆளின் பக்கத்து நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தான். அந்த ஆள் ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமலே எழுந்து ஒரு நாற்காலி தள்ளிப் போனான். கோபமாகப் போகவில்லை. மழை பெய்தால் ஓரமாக நகருவது போல நகர்ந்தான். இந்தப் பக்கம் தங்கை சுகந்தி, அவளும் ஒரு நாற்காலி விட்டு. அதற்கு அடுத்ததில் தாரகை, ஆறு வயது, கால் தரைக்கு எட்டாமல் ஆட்டிக்கொண்டு, தனக்கென்று ஒரு நாற்காலியில். இவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். "எனக்குப் பயமா இருக்கு மாமா. ஆனா நான் முடிவு பண்ணிட்டேன்," என்றாள்.

முடிவு பண்ணிவிட்டாள். போன மாதம் சுகந்தி ஃபோன் செய்தபோது இவன் கடையில் ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக் கை முழுக்க கிரீஸோடு நின்றிருந்தான். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்டான். "அண்ணா, தாரகை சரின்னுட்டா. அவ கிளாஸ்ல எல்லாரும் தோடு போட்டிருக்காங்களாம், அவளே கேட்டா. விசேஷம் கிசேஷம்லாம் ஒண்ணுமில்ல, டாக்டர்ட்ட ரெண்டு நிமிஷ வேலை. உனக்கு வரணும்னு தோணினா வா." தோணினா. அந்த வார்த்தை கிரீஸ் மாதிரி ஒட்டிக்கொண்டது, அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் போகவில்லை. காதுகுத்துக்குத் தாய்மாமனுக்குத் தோணுவதற்கு என்ன இருக்கிறது? பொழுது விடிவதற்குத் தோணவா வேண்டும்? வீட்டில் சொன்னபோது தேவகி, "கூப்பிட்டாளா, தகவல் சொன்னாளா?" என்றுதான் முதலில் கேட்டாள். கூப்பிட்டாள் என்றும் சொல்லலாம், சொன்னாள் என்றும் சொல்லலாம். ஐந்து வருஷத்துக்கு முன்னால், முதல் பிறந்தநாளுக்கே இந்தத் தோட்டைச் செய்து எடுத்துக்கொண்டு போயிருந்தான். அப்போதும் சுகந்தி சண்டை போடவில்லை. "அது அவ உடம்பு அண்ணா. அவ கேட்டா குத்தலாம். நமக்கு என்ன உரிமை இருக்கு?" என்று மெதுவாகத்தான் சொன்னாள். உரிமை! இவன் தன் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு போன பொருளின் பெயரும் அதுதானே. டப்பி திரும்பி வந்து பீரோவில் உட்கார்ந்தது. அவமானம் என்றால் அதற்கு ஒரு வழி உண்டு. சுகந்தி பெரியவளானபோது பத்திரிகையில் பெயர் இரண்டாவதாகப் போட்டுவிட்டார்கள் என்று இவர்களுடைய தாய்மாமன், கோதண்டம் மாமா, பந்தல் வாசலில் வந்து நின்றுகொண்டார். உள்ளேயும் வரவில்லை, ஊருக்கும் திரும்பவில்லை, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. கடைசியில் அப்பா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அதன்பிறகு மாமா உட்கார்ந்து நாலு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டார். அந்தக் கோபத்துக்கு ஒரு வாசல் இருந்தது, நிற்பதற்கு ஒரு இடம் இருந்தது. இங்கே யார் வாசலில் போய் நிற்பது? நேற்று இரவு இவனுக்கு ஏசி அறை ஒதுக்கிக் கொடுத்தார்கள், புதுத் துண்டு, தனி பாத்ரூம், கதவுக்கு உள்தாழ்ப்பாள். மாப்பிள்ளை பிரசன்னா, "மச்சான், உங்களுக்கு எப்ப எழுந்திரிக்கணுமோ எழுந்திரிங்க. யாரும் எழுப்ப மாட்டோம்," என்றான். குறையே சொல்ல முடியாது. இவன் இடத்தில் இன்னொருத்தனை உட்கார வைத்திருந்தால் சண்டை போடலாம். இவன் இடத்தில் யாரும் இல்லை. இடம்தான் இல்லை.

தாழ்ப்பாளைப் போடலாமா வேண்டாமா என்று நேற்று ராத்திரி வெகுநேரம் யோசித்தான். போட்டால் தங்கை வீட்டில் தாழ்ப்பாள் போட்டுப் படுத்தான் என்று ஆகிவிடும், போடாவிட்டால் அவர்கள் அதைக் கொடுத்ததற்கு மரியாதை இல்லாமல் போய்விடும். பண்ருட்டி வீட்டில் இவன் பையன் நவீன், பதினேழு வயது, போன வருஷத்திலிருந்து தன் அறைக்குத் தாழ்ப்பாள் போடுகிறான். முதல் நாள் இவன் கதவைத் தட்டி, "உள்ள என்னடா பண்றே?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் பண்ணல. சும்மா தனியா இருக்கேன்," என்றான். தனியா இருப்பதை ஒரு வேலை மாதிரிச் சொன்னான். இவன் அந்த வயதில் தனியாக இருந்ததே கழனிக்குத் தண்ணீர் பாய்ச்சும்போதுதான், அப்போதும் மோட்டார் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. ஒருவேளை அதனால்தானோ என்னவோ இவனுக்கு எது வேண்டும் என்று கேட்டால் சொல்லத் தெரிவதில்லை. நேற்றுச் சாயங்காலம் ஓட்டலில் ஆளுக்கொரு மெனுவைக் கொடுத்தார்கள். பிரசன்னா ஒன்று சொன்னான், சுகந்தி வேறு ஒன்று சொன்னாள், தாரகை படம் பார்த்து விரலை வைத்து, "இது, ஆனா காரம் இல்லாம, மேல சீஸ்," என்று தெளிவாகச் சொன்னாள். சர்வர் இவனைப் பார்த்தார். "எதுவானாலும் சரி," என்றான் இவன். தாரகை மெனுவை மேலிருந்து கீழ்வரைக்கும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "எதுவானாலும்னு ஒண்ணு இதுல இல்ல மாமா," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், இவனும் சிரித்தான். கடைசியில் சுகந்தி சொன்னதே இவனுக்கும் வந்தது, வாயில் வைக்க விளங்கவில்லை, சாப்பிட்டு முடித்தான். இங்கே உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது: நெய்ரோஸ்ட் என்று சொல்லியிருக்கலாம். இருந்ததா என்றுகூடத் தெரியாது. சொல்லியாவது இருக்கலாம்.

கோதண்டம் மாமாவிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை, அவரும் யாரையும் கேட்டதில்லை. குலசாமி கோயிலில், அப்போதுதான் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலை குளிர, இவனைத் தூக்கி அவர் மடியில் போட்டுக்கொண்டது இப்போதும் தொடையிலும் முதுகிலும் தெரிகிறது. புகையிலை வாசம், புது வேட்டியின் கஞ்சி வாசம், வயிறு ஏறி இறங்குவது முதுகில் படுவது. வாயில் காப்பரிசி. பத்தர் எதிரே குந்தி உட்கார்ந்து தங்கக் கம்பியைத் தீட்டிக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் இவன் யாரிடம் சொன்னாலும் இந்த இடம் வரைக்கும்தான் சொல்வான்: மாமா மடி, சந்தனம், காப்பரிசி. அதற்கு மேல் நினைவில் ஒரு கல் கிடந்தது, நினைவு அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். இப்போது தாம்பாளத்தைப் பிடித்துப் பிடித்துக் கை அசந்துபோனதாலோ என்னவோ, சுற்றாமல் அதிலேயே போய் இடித்தது. முதல் காது குத்தியதும் இவன் எழுந்து ஓடப் பார்த்தான். அப்போதுதான் மாமாவின் முழங்கால் இரண்டும் மூடின. மரம் அறுக்கும் இடத்தில் கட்டையை இறுக்குகிற இடுக்கி மாதிரி மூடின. ஒரு கை இவன் இரண்டு கையையும் சேர்த்து மார்போடு அமுக்கியது, இன்னொரு கை நெற்றியைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. "கத்துறா. நல்லா கத்து. யார் வேணாங்கறா," என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள், அம்மாகூட. இவன் தலையை ஒரு வெட்டு வெட்டினான், வலது காதில் ஓட்டை கோணலாக விழுந்தது. இப்போதும் தடவிப் பார்த்தால் ஒரு சின்ன வடு தட்டுப்படும். அதற்காக மாமாவை இவன் வெறுக்கவில்லை. மூடிய முழங்காலுக்குள் பயமாகவும் இருந்தது, வெளியே விழுந்துவிட மாட்டோம் என்றும் இருந்தது. இரண்டையும் பிரித்து எடுக்க இந்த நாற்பத்தொன்பது வயதிலும் இவனால் முடியவில்லை. ஆனால் அந்த முழங்கால் அப்புறம் திறக்கவே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிட்டது மாமா. கடை வைத்துக் கொடுத்தது மாமா. தேவகியைப் பார்த்து முடித்துவிட்டு வந்து, "நாளைக்குப் போய்ப் பூ வைக்கிறோம், சட்டையை அயர்ன் பண்ணி வை," என்றதும் மாமா. "என் மடியில உட்கார்ந்து காது குத்திக்கிட்டவன்டா நீ," என்பார், அதற்கு மேல் பேச்சில்லை. தேவகி நல்லவள். கடை நன்றாகத்தான் ஓடுகிறது. கேட்டிருந்தால் இவன் என்ன சொல்லியிருப்பான் என்றால், எதுவானாலும் சரி என்று சொல்லியிருப்பான்.

"தாரகை பிரசன்னா," என்று கூப்பிட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளை, முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் தானே இறங்கி முன்னால் நடந்தாள். பின்னால் சுகந்தி, வெளியே ஃபோன் பேசிக்கொண்டிருந்த பிரசன்னா, கடைசியில் தாம்பாளத்தோடு இவன். டாக்டர் இவனைவிடச் சின்னப் பெண், குரலை உயர்த்தாமல் பேசினாள். டப்பியைத் திறந்து காட்டியதும் தோட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "ரொம்ப அழகா இருக்கு சார். ஆனா இப்பப் போட முடியாது. தண்டு தடிமனா இருக்கு. முதல்ல எங்க ஸ்டட்தான். புண்ணு ஆறினப்புறம் இதைப் போட்டுக்கட்டும்," என்று திருப்பிக் கொடுத்தாள். தோடு, மடி, இரண்டில் ஒன்று போயிற்று என்று இவன் நினைத்துக்கொண்டான். அறை நடுவில் ஒரு பெரிய சாய்வு நாற்காலி, அகலமாக, கால் நீட்டுகிற மாதிரி. இதில் உட்கார்ந்தால் மடி விரியும். இவன் சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு வேட்டியைத் தூக்கிக் கட்ட ஒரு கையைக் கொண்டுபோனான். "தாரகை, நீங்க தனியா உட்கார்றீங்களா, யாராச்சும் மடியில வெச்சுக்கணுமா?" என்றாள் டாக்டர். "தனியா." கேள்வி முடிவதற்கு முன்னாலேயே வந்த பதில். இவன் வேட்டியை விட்டுவிட்டுச் சுவர் ஓரமாக நின்றுகொண்டான். நிற்கவும் ஒரு இடம் வேண்டியிருக்கிறதல்லவா, சுவர் இருந்தது. டாக்டர் பேனாவால் இரண்டு காதிலும் புள்ளி வைத்து, கண்ணாடியைக் காட்டி, "ஓகேவா?" என்றாள். தாரகை கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்தப் பக்கம் கொஞ்சம் மேல," என்றாள். டாக்டர் பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். இவன் கை தானாகத் தன் வலது காதுக்குப் போயிற்று. புள்ளியை அழித்து மறுபடி வைக்கலாமா! ஒரு சின்னக் கருவி, டப்பென்று ஒரு சத்தம். தாரகை அழவில்லை. கண் மட்டும் பெரிதாயிற்று, உதடு உள்ளே போயிற்று. அப்புறம் கையை நீட்டி டாக்டரின் கையைத் தள்ளி, "போதும்," என்றாள். "இன்னொண்ணு இருக்கேம்மா," என்றாள் டாக்டர். "வலிக்கும்னு எனக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சிடுச்சு. அதான் வேண்டாம்." பிரசன்னா குனிந்து, "ஒரு காதுல மட்டும் எப்படிடா குட்டி, நல்லாவா இருக்கும்?" என்றான். சுகந்தி மண்டியிட்டு உட்கார்ந்து பொறுமையாக ஆரம்பித்தாள், பாதி வேலையை விடக்கூடாது, ஆரம்பித்தது நீதான், ஐஸ்க்ரீம், சைக்கிள். தாரகை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "என் காது, என் முடிவுன்னுதானே சொன்னே?" என்றாள். டாக்டர் கதவுப்பக்கம் பார்த்தாள். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். பிறகு சுகந்தி தலையை நிமிர்த்தினாள், பிரசன்னாவைத் தாண்டி, டாக்டரைத் தாண்டி, சுவர் ஓரத்தில் இவனைப் பார்த்தாள். பந்தலில் அம்மா கோதண்டம் மாமாவை இப்படித்தான் பார்ப்பாள். "அண்ணா, நீ இவளை மடியில வெச்சுக் கொஞ்சம் பிடிச்சுக்கோயேன். ஒரு செகண்டுதான்."

இவன் தாம்பாளத்தைப் பிரசன்னா கையில் கொடுத்தான். நாற்காலியில் போய், தாரகைக்குப் பின்னால், ஓரத்தில் உட்கார்ந்தான். வேட்டி நன்றாகத்தான் விரிந்தது. ஐந்து வருஷம், நாலு மணி நேர பஸ், கரைவேட்டி எல்லாம் இதற்காகத்தான், கூப்பிட்டுவிட்டார்கள், தகவல் சொல்லவில்லை, கூப்பிட்டே விட்டார்கள். கையைப் பார்த்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே வலது கை நெற்றிக்குத் தகுந்த மாதிரிக் குவிந்திருந்தது, இடது கை இரண்டு சின்ன மணிக்கட்டை ஒன்றாகப் பிடிக்கிற அளவுக்கு வளைந்திருந்தது, முழங்கால் மூடத் தயாராக இருந்தது. அப்போதுதான் தெரிந்தது. முதல் காதுக்கு மடி தேவையே இல்லை. முதல் காதை எந்தப் பிள்ளையும் கொடுத்துவிடும், என்னவென்று தெரியாதல்லவா. மடி இருப்பதே இரண்டாவது காதுக்கு. தாரகை திரும்பி இவனைப் பார்த்தாள். பயந்த பார்வை இல்லை. மாமா எந்தப் பக்கம் என்று பார்க்கிற பார்வை. "வேண்டாம்னு சொல்றாளே சுகந்தி," என்றான் இவன். "எல்லாரும்தான் சொல்வாங்க. நீ சொல்லலையா? நான் சொல்லலையா?" "சொன்னேன்," என்றான் இவன். எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டான். சுகந்தி இவன் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்தாள். "உனக்கென்ன, நீ நல்லவனாயிட்டே. ஸ்கூல்ல பதில் சொல்லப்போறது நான்தானே," என்றாள். அது நியாயம்தான். பிள்ளைக்காக எழுந்தானா, முதலில் கூப்பிடாமல் பிடிப்பதற்கு மட்டும் கூப்பிட்டார்களே என்கிற ரோஷத்தில் எழுந்தானா என்று படியிறங்கும்போது தனக்குள்ளேயே கேட்டுப் பார்த்தான். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தது. கோதண்டம் மாமாவாக இருந்தால் பிடித்திருப்பார், குத்தியிருப்பார்கள், பிள்ளை கத்தியிருக்கும், இந்நேரம் இரண்டு காதும் ஆகி எல்லோரும் சிரித்துக்கொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. பிரசன்னா வண்டியை ரிவர்ஸ் எடுத்தான்.

காரில் தாரகைக்கு என்று பின்சீட்டில் ஒரு தனி நாற்காலி கட்டி வைத்திருந்தார்கள், அவளே பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். பக்கத்தில் இவன், தொடைமேல் மறுபடியும் தாம்பாளம். தேவகியிடமிருந்து ஃபோன் வந்தது, எடுத்தான். அவள் குரல் கார் முழுக்கக் கேட்டது. "ஆச்சா? மடியில உட்கார்ந்தாளா? போட்டோ எடுத்தீங்களா?" "ஒரு காது ஆச்சு," என்றான். "ஒரு காதா? அதென்ன கணக்கு?" "வந்து சொல்றேன்," என்று வைத்தான். தாரகை எட்டி டப்பாவைத் திறந்து காப்பரிசியை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். குத்திய காது சிவந்து, அதில் ஒரு பொட்டு மின்னிக்கொண்டிருந்தது, மறு காதில் பேனாப் புள்ளி அப்படியே இருந்தது. "அத்தை எதுக்கு மடின்னு கேட்டாங்க?" என்றாள் மென்றுகொண்டே. "காது குத்தும்போது மாமா மடியில உட்காருவாங்க. அது ஒரு வழக்கம்." "நான் உன் மடியில உட்காரணும்னு உனக்கு ஆசையா இருந்துச்சா?" இவனுக்குச் சட்டென்று எதுவானாலும் என்று வாய்வரைக்கும் வந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். ஒரு தண்ணீர் லாரி வழியெல்லாம் சிந்திக்கொண்டு போயிற்று. "ஆமா," என்றான். "ரொம்பவா?" "ரொம்ப." அவள் மெல்லுவதை நிறுத்தினாள். உண்மையாகவே ஆச்சரியப்பட்டவளாக, "அப்புறம் ஏன் நீ கேக்கவே இல்ல?" என்றாள்.

முன்சீட்டில் சுகந்தி கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது, திரும்பவில்லை. கேட்பதா? தாய்மாமன் எங்கேயாவது கேட்பானா, கூப்பிட்டால் போவான், கூப்பிடாவிட்டால் வாசலில் நிற்பான், இரண்டில் ஒன்று. கேட்பது என்று மூன்றாவதாக ஒன்று இருப்பது கோதண்டம் மாமாவுக்குத் தெரியாது, இவன் அப்பாவுக்குத் தெரியாது, இப்போதுகூட அந்த வாக்கியத்தை எந்த முனையிலிருந்து ஆரம்பிப்பது என்று இவனுக்குத் தெரியவில்லை. ஐம்பதைத் தொடப்போகிறவன் ஆறு வயதுப் பிள்ளையிடம். சிக்னலில் கார் நின்றது. டப்பாவை அவள் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னொரு காதுக்கு... எப்பவாவது குத்திக்கணும்னு உனக்குத் தோணினா... அப்ப என் மடியில உட்கார்றியா?" என்று கேட்டான். சொல்லி முடித்ததும் காது இரண்டும் சுட்டன. நெற்றியைச் சுருக்கிக்கொண்டாள், ஒரு தேங்காய்ப்பல்லை எடுத்துப் பார்த்தாள், அதை வாயில் போட்டு நிதானமாக மென்றாள். சிக்னல் பச்சையாகிப் பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.